ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பு: பின்னாலிருந்து எண்ண வேண்டிய கணக்கு

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் கிளைகளின் கடன் பிரிவு மேசைகளுக்கு எதிரே ஒரே வகையான காட்சியைக் காண்கிறோம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் தந்தை, அருகில் தாய், நடுவில் மகனோ மகளோ. உறைக்குள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைக் கடிதம். முகங்களில் மகிழ்ச்சி. “செப்டம்பரில் புறப்பட வேண்டும், கடன் எப்போது கிடைக்கும்?” என்பதே முதல் கேள்வி. பல நேரங்களில் அந்தக் கேள்வி ஏறத்தாழ பத்து மாதம் தாமதமாகக் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டிய சங்கடமான கடமை எங்களுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் புனேயில் உள்ள எங்கள் கிளை ஒன்றுக்கு அவ்வாறு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் அனுபவத்தை, அவர்களது இசைவுடன், பெயர்களைத் தவிர்த்து இங்கே பகிர்ந்துகொள்கிறோம். தந்தை தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மகள் இயந்திரப் பொறியியல் பட்டதாரி. முகவர் ஒருவரின் ஆலோசனைப்படி ஜெர்மனியிலுள்ள தனியார் கல்வி நிறுவனம் ஒன்றில் இடம் பெற்றிருந்தார். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு என எல்லாவற்றுக்குமாக அவர்கள் கேட்ட கடன் 32 லட்சம் ரூபாய். அதற்கு ஈடாக அவர்கள் காட்டியது கும்பகோணத்தில் உள்ள பூர்வீக வீடு.

வீட்டின் பத்திரமும் பட்டாவும் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரிலேயே இருந்தன. அவர் உயில் எழுதவில்லை. ஆகவே பாட்டி, தந்தை, அவருடைய இரண்டு சகோதரிகள் ஆகிய நால்வருக்கும் அந்த வீட்டில் உரிமை உண்டு. வாரிசுச் சான்று பெற வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வர வேண்டும். போபாலில் வசிக்கும் மூத்த சகோதரியின் இசைவும் வேண்டும். அந்த ஆண்டு அக்டோபருக்குள் இவை முடியவில்லை. சேர்க்கைக் கடிதம் காலாவதியாயிற்று.

அந்தக் குடும்பம் அன்று பெரிதும் வருந்தியது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் விண்ணப்பித்த முறையைக் கண்டு நாங்களும் கற்றுக்கொண்டோம். இந்தக் கட்டுரை அதன் பயன்.

கட்டணமில்லாக் கல்வி, செலவில்லாக் கல்வி அன்று

ஜெர்மனி இந்திய மாணவர்களுக்குப் புதிய நாடன்று. சென்னையிலுள்ள ஐ.ஐ.டி. 1959-ஆம் ஆண்டு அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்டது என்பதைப் பலர் அறிவர். இப்போது ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் இந்தியர்களே மிகப் பெரிய குழுவினர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களது எண்ணிக்கை 49,000-ஐக் கடந்தது.

இதற்கு முதன்மையான காரணம், அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை முதுநிலைப் பாடங்களுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதே. விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் முதுநிலைப் பாடங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பருவத்திற்கு 4,000 அல்லது 6,000 யூரோ என வகுத்துள்ளது. தனியார் நிறுவனங்களின் கட்டணம் தனி.

கட்டணமில்லாத இடத்திலும் வாழ்க்கைச் செலவு உண்டு. மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர், முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் பின்பற்றும் வழி ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் அதில் செலுத்த வேண்டிய தொகை 11,904 யூரோ. மாணவர் ஜெர்மனி சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் மட்டுமே அதிலிருந்து எடுக்க இயலும். இது எவருக்கும் செலுத்தும் கட்டணமன்று; மாணவரின் சொந்தப் பணமே. ஆயினும் புறப்படுவதற்கு முன்பே முழுத் தொகையும் கையில் இருந்தாக வேண்டும்.

கணக்கின் எளிமைக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் எனக் கொள்வோம். முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். முதுநிலைப் படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த காலத்துக்கான பணத்தையும் காட்ட வேண்டியிருக்கும். ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு 23 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். விண்ணப்பச் செலவுகள், விமானச் சீட்டு, பருவந்தோறும் செலுத்தும் மாணவர் பங்களிப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் 26 லட்சம் ரூபாயைத் திட்டத் தொகையாகக் கொள்வது பொருத்தம். முதலாம் ஆண்டுப் பணத்தை மட்டும் திரட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டை அங்கே பகுதி நேர வேலை செய்து சமாளித்துவிடலாம் என எண்ணுவது ஆழம் அறியாமல் காலை விடுவதாகும். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு என்பது உண்மை. ஆனால் வேலை கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தேர்வுக் காலத்தில் வேலைக்குச் செல்வதும் எளிதன்று.

அக்டோபரிலிருந்து பின்னோக்கி

ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுமாறு அந்தக் குடும்பத்திடம் எங்கள் கிளை அலுவலர் கூறினார். அவர்கள் எண்ணியபோது அட்டவணை இவ்வாறு அமைந்தது.

செப்டம்பரில் புறப்பாடு. ஜூன், ஜூலையில் விசா நேர்காணல். அதற்கு முன்பே பிளாக்டு அக்கவுண்ட்டில் பணம் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே மே மாதத்துக்குள் கடன் ஒப்புதல் வேண்டும். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இறுதி நாள் ஜூலை 15 என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், ஆங்கிலவழிப் பாடங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டு மாணவர்கள் மார்ச் அல்லது மே மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. ஜூலை 15 வரை காத்திருப்பவருக்கு விசாவுக்கு நேரம் இராது.

அதற்கும் முன்னால் நிற்பது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்தியாவில் பெற்ற பட்டத்தின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்து, புதுதில்லியிலுள்ள ஜெர்மன் தூதரகத்தின் கல்விப் பிரிவு வழங்கும் சான்று இது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு இதனை இணைப்பது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல்கலைக்கழகங்கள் பலவும் விண்ணப்பத்துடனேயே இதனைக் கேட்கின்றன. சில வாரங்களில் வரலாம், சில மாதங்களும் ஆகலாம். ஆகவே முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே இதற்கு விண்ணப்பிப்பது நன்று.

பாடத்தைத் தேர்ந்தெடுக்க, ‘டாட்’ என அழைக்கப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் உள்ள பாடப்பட்டியல் போதுமானது. 1925-இல் தொடங்கப்பட்ட அமைப்பு இது. பட்டியலைப் பார்க்கக் கட்டணமில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம், பயிற்று மொழி, இறுதி நாள், தகுதி ஆகியவை அதில் உள்ளன. பல பல்கலைக்கழகங்கள் ‘யூனி-அசிஸ்ட்’ என்னும் பொது அமைப்பின் வழியாக விண்ணப்பங்களைப் பெறுகின்றன. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. மற்றவை நேரடியாகப் பெறுகின்றன. இவற்றை மாணவரே செய்ய இயலும். முகவரை நாடுவதில் தவறில்லை. ஆனால் முகவருக்குத் தரகுத் தொகை வழங்குபவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே என்பதை நினைவிற்கொண்டால், அவர் பரிந்துரைக்கும் பட்டியலில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏன் குறைவாக உள்ளன என்பது விளங்கும்.

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவில் மாற்றிப் பார்ப்பதும் எளிது. அங்கே 1 என்பது மிகச் சிறந்தது, 4 என்பது தேர்ச்சியின் எல்லை. நம் முறையின் உச்ச மதிப்பிலிருந்து பெற்ற மதிப்பைக் கழித்து, அதனை உச்ச மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு எட்டு பெற்று, தேர்ச்சி எல்லை ஐந்தாக இருந்தால் விடை 2.2. ஒரு பாடத்துக்கு 2.5 வரை ஏற்கப்படும் எனில் இவர் விண்ணப்பிக்கலாம்; 2.0 எனில் அந்த 30 யூரோவை மிச்சப்படுத்தலாம். இளநிலையில் படித்த பாடங்கள் முதுநிலைப் பாடம் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்பதை மதிப்பெண்ணைவிடக் கூர்ந்து பார்க்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது.

இவை அனைத்துக்கும் முன்னால், அதாவது புறப்படுவதற்கு ஓராண்டு முன்னதாக, ஆகஸ்டு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது வீட்டுப் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்ப்பது.

பாட்டி கேட்ட கேள்வி

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி 7 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ‘மார்ஜின்’ எனப்படும் குடும்பத்தின் சொந்தப் பங்கு 15 விழுக்காடு. வீடு, மனை மட்டுமன்றி வைப்புத்தொகை, அரசுப் பத்திரங்கள் போன்றவற்றையும் ஈடாக ஏற்பதுண்டு. குறிப்பிட்ட சில புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றவர்களுக்கு வங்கிகள் தனித் திட்டங்களும் வைத்துள்ளன. 2024-இல் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவிலுள்ள தரமான கல்வி நிறுவனங்களுக்கானது. வெளிநாட்டுப் படிப்புக்கு அது பொருந்தாது.

கும்பகோணத்து வீட்டுக்குத் திரும்புவோம். சகோதரிகள் தங்கள் பங்கை எழுதிக்கொடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று அந்தத் தந்தை எண்ணியிருந்தார். தங்கையிடம் கேட்கவே அவருக்குக் கூச்சம்; அக்காவிடம் கேட்க அதைவிடவும் கூச்சம். வழக்கறிஞர் வேறொரு வழியைக் காட்டினார். எவரும் தம் உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உரிமையாளர் நால்வரும் உத்தரவாதிகளாக இணைந்து வீட்டை ஈடு வைக்கலாம். ஆனால் அவ்வாறு கையெழுத்திடும் ஒவ்வொருவரும் கடனுக்குப் பொறுப்பாவார்கள் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு எல்லோரும் ஊரில் கூடியபோது இந்தப் பேச்சு எழுந்தது. அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒரு கேள்வி கேட்டாராம்: “அங்கே வேலை கிடைக்கலைன்னா இந்த வீடு என்ன ஆகும்?”

அந்தக் கேள்விக்குக் கூடத்தில் இருந்த எவரிடமும் விடை இல்லை. பேத்தி கோபித்துக்கொள்ளவில்லை. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுவாரமே எங்கள் கிளைக்கு வந்தார். நாங்கள் சேர்ந்து போட்ட கணக்கு இது.

தவணையிலிருந்து பின்னோக்கி

வட்டி விகிதத்தைக் கணக்கிற்காக ஆண்டுக்கு 10 விழுக்காடு எனக் கொண்டோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை செலுத்தத் தேவையில்லை. அதுவரை தனிவட்டி மட்டும் சேரும். முதலில் கேட்ட 32 லட்சத்துக்கு மூன்று ஆண்டுகளில் சேரும் வட்டி 9 லட்சத்து 60 ஆயிரம். அதனை அசலுடன் சேர்த்தால் 41 லட்சத்து 60 ஆயிரம். பத்து ஆண்டுகளில் அடைக்க வேண்டுமெனில் மாதத் தவணை ஏறக்குறைய 55,000 ரூபாய். ஜெர்மனியில் நல்ல வேலை கிடைத்தால் இது பெரிய தொகையன்று. கிடைக்காமல் இந்தியா திரும்பினால், தொடக்க நிலைப் பொறியாளரின் ஊதியத்தில் பெரும்பகுதியை இது விழுங்கிவிடும்.

இப்போது தலைகீழாகக் கணக்கிட்டோம். இந்தியாவிலேயே வேலை செய்ய நேர்ந்தால், மாதம் எவ்வளவு தவணையைத் தாங்க முடியும்? மகளும் தந்தையும் பேசி 20,000 ரூபாய் என்றார்கள். 10 விழுக்காட்டில் பத்து ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 19,800 ரூபாய் செலுத்தினால் அடையக்கூடிய கடன் 15 லட்சம். ஆகவே கடனின் எல்லை 15 லட்சம் என்று முடிவாயிற்று. பல்கலைக்கழகம் கேட்கும் தொகையிலிருந்து கடனை நிர்ணயிக்காமல், தாங்கக்கூடிய தவணையிலிருந்து கடனையும், கடனிலிருந்து பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தார்கள். பாட்டியின் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இதுவே.

ஆனால் இந்த விடை நிற்க இன்னொன்றும் தேவை. படிப்புக் காலத்து வட்டியைச் சேரவிட்டால் 15 லட்சம் மூன்று ஆண்டுகளில் 19 லட்சத்து 50 ஆயிரம் ஆகிவிடும். தவணை 25,800 ரூபாயாக உயரும். முழுக் கடனும் வழங்கப்பட்டபின் மாத வட்டி 12,500 ரூபாய். தந்தை பணியில் இருக்கும் காலமாகையால் அதனை அவ்வப்போது செலுத்திவிட இசைந்தார். கடன் ஒரே நாளில் முழுவதும் வழங்கப்படாமல் ஆண்டுக்கு ஒரு பகுதியாகவே வழங்கப்படுவதால், முதல் ஆண்டு வட்டி இதனினும் குறைவு.

எஞ்சிய 11 லட்சம் தந்தையின் வைப்புத்தொகையிலிருந்தும், காத்திருந்த ஓராண்டில் மகள் வேலை பார்த்துச் சேமித்ததிலிருந்தும் வந்தது. தனியார் நிறுவனத்தைக் கைவிட்டு, கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆறு பாடங்களுக்கு அவர் விண்ணப்பித்தார். இரண்டில் இடம் கிடைத்தது. மே மாதத்தில் கடன் ஒப்புதல் ஆயிற்று. பாட்டி கையெழுத்திடும் முன், மொழிபெயர்த்துச் சொல்லப்பட்ட ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டறிந்த பின்னரே பேனாவை எடுத்தார். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பேத்தி புறப்பட்டார்.

நினைவிற்கொள்ள வேண்டிய சில

பணம் அனுப்புதல்: ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பான் எண் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல், வங்கிக் கல்விக் கடனிலிருந்து படிப்புக்காக அனுப்பப்படும் தொகைக்கு டி.சி.எஸ். வரி பிடித்தம் இல்லை. சொந்தப் பணமாயின் நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கே உண்டு. அவ்வாறு பிடிக்கப்பட்டதையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம்.

வரிச் சலுகை: பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. தொகைக்கு உச்ச வரம்பில்லை. அசலுக்குக் கழிவு இல்லை. கடன் யார் பெயரில் உள்ளதோ, வட்டியை யார் செலுத்துகிறாரோ அவருக்கே இது பொருந்தும்.

செலாவணி மாற்றம்: கடன் ரூபாயில், செலவு யூரோவில். யூரோவின் மதிப்பு ஐந்து ரூபாய் உயர்ந்தால், ஓராண்டுத் தொகையில் ஏறக்குறைய 60,000 ரூபாய் கூடும். திட்டத்தில் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

வேலை தேடும் காலம்: ஜெர்மனியில் பட்டம் பெற்றவர் வேலை தேடுவதற்காக 18 மாதங்கள் வரை அங்கே தங்க அனுமதி பெறலாம். ஆனால் கடன் தவணை படிப்பு முடிந்து 12 மாதங்களில் தொடங்கிவிடும். இடையிலுள்ள ஆறு மாதத் தவணையை எவர் செலுத்துவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைப்பது நன்று.

உதவித்தொகை: தகுதியுடைய பட்டியல் இனத்தவர் உள்ளிட்டோருக்கு மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. டாட் அமைப்பும் உதவித்தொகைகளை வழங்குகிறது. அவற்றுள் சில பணி அனுபவம் கேட்பவை. இவற்றுக்கான இறுதி நாள்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் இறுதி நாளுக்கு மிகவும் முன்பே வந்துவிடுகின்றன.

வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. சேர்க்கைக் கடிதம் வந்தபின் வங்கிக்கு வருவதைவிட, விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் ஒரு முறை வாருங்கள். அந்த நாளில் உங்களிடம் நாங்கள் எந்தக் கடிதத்தையும் கேட்க மாட்டோம். பத்திரப் பெட்டியையும், தாங்கக்கூடிய தவணையையும் பற்றியே கேட்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். கேட்கத் தயங்கும் கேள்வியை அவர்கள் கேட்டுவிடுவார்கள்.